சிறையில் சிந்திய வியர்வைக்குக் கூலி

சிறைப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேசும்போது 'கம்பி எண்ணுகிறான்' என்றும் 'களி தின்கிறான்' என்றும் சொல்வது நம் மக்களின் வழக்கம். இவ்விரண்டு தொடர்களையும் சற்றே உற்று நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். கம்பி எண்ணுவது வேலையற்றவன் செயல். களி தின்பது பிறர் இட உண்பவன் செயல். ஆகவே, சிறை என்பது ஒருவன் சும்மா இருந்து அரசின் செலவில் காலங்கழிக்கும் இடம் என்ற எண்ணம் நம் பேச்சிலேயே குடிகொண்டிருக்கிறது. உண்மையோ அதற்கு மாறானது. கடுங்காவல் தண்டனை பெற்றவன் சிறையில் உழைத்தே ஆகவேண்டும். அவன் நெய்கிறான், தைக்கிறான், மரம் இழைக்கிறான், அடுப்படியில் நிற்கிறான், தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறான்.

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம்மில் பலர், அவ்வுழைப்பின் பயனை நாம் அறியாமலே நுகர்ந்து வருகிறோம். தில்லியில் இருப்போர் திகார் சிறைத் தொழிற்கூடத்தில் செய்யப்பட்ட ரொட்டியையோ மேசை நாற்காலியையோ கண்டிருப்பர். அத்தொழிற்கூடம் 1961 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கேரளத்தில் இருப்போர் சிறைச் சப்பாத்தியை அறிவர். ஐதராபாத்தில் சஞ்சல்குடா சிறையை ஒட்டிய பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டவர்களும் நம்மில் இருத்தல் கூடும். பொருளை வாங்குகிறோம், விலையைக் கொடுக்கிறோம். அவ்விலையில் செய்தவன் பங்கு எவ்வளவு என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

இந்த வினாவை இந்திய நாடு கேட்கத் தொடங்கி ஒரு விடை காண்பதற்கு ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் பிடித்தன. கைதியின் உழைப்பு யாருக்குச் சொந்தம்? தண்டித்த அரசுக்கா? உழைத்த கைதிக்கா? அவனை நம்பியிருக்கும் மனைவி மக்களுக்கா? அல்லது அவனால் தீங்குற்றவருக்கா? இந்நான்கு உரிமையாளரிடையே நடந்த வழக்கின் வரலாற்றையே நாம் இங்குக் காணப் புகுகிறோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில் கைதிகள் பெரும்பாலும் சிறைக்கு வெளியிலேயே வேலை வாங்கப்பட்டனர். காலில் விலங்கோடு கூட்டங்கூட்டமாகச் சாலை போடும் பணிக்கு அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். வட இந்தியாவின் நெஞ்சைப் பிளந்துகொண்டு செல்லும் பெருஞ்சாலையாகிய கிராண்டு டிரங்கு ரோட்டின் சில பகுதிகள் இத்தகைய விலங்குக் கூட்டங்களின் உழைப்பால் அமைந்தவையே. 1835 ஆம் ஆண்டு டிசம்பரில் மெக்காலே பிரபு சிறைகளைப் பற்றி ஒரு குறிப்பு வரைந்தார். அதன் பயனாக ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மெக்காலேயும் அதில் ஓர் உறுப்பினர். 1838 இல் அறிக்கை அளித்த அக்குழு, சாலை வேலையைக் குறை கூறியது. கைதியின் துன்பங் கண்டு இரங்கிக் கூறியதன்று. வெளியில் வேலை செய்யும் கைதிக்குக் கட்டுப்பாடு தளர்கிறது என்பதே அதன் கவலை. கைதிகளை மதிலுக்குள் அடைத்து, சலிப்பூட்டுவதும் மனத்துக்குச் சுவையற்றதுமான வேலையையே தருதல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. நன்னடத்தைக்குப் பரிசளிக்கும் முறையும், கல்வியும், அறநெறிப் போதனையும் வேண்டாவென அது தள்ளியது. வேலை என்பது பொருள் ஈட்டும் வழி அன்று, தண்டனையின் ஒரு கருவி என்பது இவ்வறிக்கையின் உட்கிடை. பயனற்ற வேலைக்குக் கூலி என்ற பேச்சு எழ இடமேது?

ஆனால், அரசின் கஜானா வேறு கணக்குப் போட்டது. பயனற்ற வேலை வாங்கினால் கைதிக்குச் சோறு போடும் செலவு அப்படியே நிற்கும். பயனுள்ள வேலை வாங்கினால் அச்செலவில் ஒரு பகுதியேனும் திரும்பும். வங்காளத்தில் 1855 முதல் 1870 வரை சிறைகளின் தலைமை அதிகாரியாக விளங்கிய டாக்டர் பிரெடரிக் மவுவட் இக்கொள்கையின் பெரும் ஆதரவாளர். கைதியின் உழைப்பு வருவாய் தருவதாக இருத்தல் வேண்டும், அதுவே அவனுக்கு ஒரு தொழிலையும் கற்பிக்கும் என்பது அவர் வாதம். கொல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறை சணற்கோணி செய்யும் தொழிற்சாலையாகவே மாறியது. விளைவு என்னவென்றால், தனியார் ஆலை முதலாளிகள் முறையிடலாயினர். கூலியில்லா உழைப்பாளரைக் கொண்டு அரசு நடத்தும் ஆலையோடு, கூலி கொடுத்து நடத்தும் ஆலை எவ்வாறு போட்டியிட இயலும் என்பது அவர்கள் முறையீடு. இதை நாம் நினைவிற் கொள்ளுதல் நலம். பின்னர் இதற்கு மீளுவோம். நாளடைவில், சிறைத் தொழில்கள் வெளிச்சந்தையை விட்டு, அரசு இலாகாக்களுக்கு வேண்டிய பொருள்களைச் செய்து தரும் வழியில் திருப்பப்பட்டன.

அக்காலச் சிறைத் தொழிலின் திறத்துக்கு ஒரு சான்று இன்றும் இங்கிலாந்தில் இருக்கிறது. விக்டோரியா அரசியின் 1887 ஆம் ஆண்டுப் பொன்விழாவை முன்னிட்டு ஆக்ரா சிறையின் கைதிகள் ஒரு கம்பளம் நெய்தனர். நீளம் 24 மீட்டருக்கு மேல். அகலம் 12 மீட்டர். எடை ஏறத்தாழ இரண்டு டன். தையலின்றி ஒரே பரப்பாக நெய்யப்பெற்ற உலகின் மாபெரும் கம்பளங்களுள் ஒன்றாகக் கருதப்படும் அது, வின்சர் அரண்மனையின் வாட்டர்லூ மண்டபத்தில் விரிக்கப்பட்டது. 1992 இல் அவ்வரண்மனை தீப்பற்றியபோது அதைச் சுருட்டி அப்புறப்படுத்துவதற்கு ஏறத்தாழ ஐம்பது படைவீரர் தேவைப்பட்டனர். அரசியின் பெயரும் மண்டபத்தின் பெயரும் நிலைத்துவிட்டன. நெய்தவர் 'ஆக்ரா கைதிகள்' என்ற ஒரே பெயருள் அடங்கிவிட்டனர்.

இனி, சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் சிறைத் தண்டனையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, கடின உழைப்போடு கூடிய கடுங்காவல். மற்றொன்று, உழைப்பு விதிக்கப்படாத வெறுங்காவல். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் சட்டமும் இப்பிரிவினையைக் காத்து வருகிறது. உள்ளே சென்றவனிடம் எவ்வாறு வேலை வாங்குவது என்பதை 1894 ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தின் 34, 35, 36 ஆம் பிரிவுகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வியப்பு தோன்றும்.

34 ஆம் பிரிவு சிவில் கைதியைப் பற்றியது. கடனைத் திருப்பித் தராமல் நீதிமன்ற ஆணையால் அடைபட்டவன் இவ்வகையினன். அவன் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்றுத் தன் தொழிலைச் சிறைக்குள்ளேயே செய்யலாம். கருவிகளைத் தானே கொணர்ந்து, சிறைச் சோறு உண்ணாதிருப்பானாயின், ஈட்டிய பொருள் முழுவதும் அவனுக்கே உரியது. சிறையின் கருவியையோ சோற்றையோ பெற்றானாயின், கண்காணிப்பாளர் அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்வார். அடுத்து வரும் 35 ஆம் பிரிவு குற்றவியல் கைதியைப் பற்றியது. அவனை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. அவசரக் காலத்தில் மட்டும் கண்காணிப்பாளரின் எழுத்து மூலமான இசைவோடு வாங்கலாம். 36 ஆம் பிரிவு, வெறுங்காவற் கைதி விரும்பினால் வேலை தரவேண்டும் என்கிறது. இவ்விரு பிரிவுகளிலும் ஈட்டம் என்ற சொல்லே இல்லை!

ஒரே சட்டம், ஒரே மதில், ஒரே தறி. கடன்பட்டவன் நெய்தால் துணியின் பயன் அவனுக்கு. களவாடியவன் நெய்தால் அரசுக்கு. கைதிகளின் உழைப்பால் வரும் வருவாயை எவ்வாறு செலவிடுவது என்பதற்கு விதிகள் செய்யும் அதிகாரத்தை அச்சட்டம் அரசுக்கு அளித்தது. உழைத்தவனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்ற உறுதியை அது எங்கும் அளிக்கவில்லை.

கூலிக்கு மாற்றாக வேறொன்று இருந்தது. அதுதான் தண்டனைக் குறைப்பு. ஒழுங்காக வேலை செய்து நன்னடத்தையோடு இருப்பவனுக்கு மதிப்பெண் அளித்து, அதற்கேற்பத் தண்டனை நாட்களைக் குறைக்கும் முறை அது. காசுக்குப் பதிலாக நாளைக் கூலியாகத் தந்தனர் எனலாம். சிறைப்பட்டவனுக்கு ஒரு நாள் என்பது ஒரு பொற்காசினும் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த நாளை மனைவிக்கு அனுப்ப இயலாது. அதைக் கொடுத்துப் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் வாங்க இயலாது. தண்டனை ஒருவனுக்கு, பட்டினி குடும்பத்துக்கு என்ற நிலை அதனால் மாறவில்லை.

உழைப்பைத் தண்டனையாகவே கருதும் கொள்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அந்தமான் செல்லுலர் சிறையும் நம் கோவைச் சிறையும் சான்றாகும். போர்ட் பிளேரில் 1906 இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலர் சிறையில், மனிதரை மாடு போல் செக்கில் பூட்டி, ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என விதித்தனர். அளவு குறைந்தால் அடியும் விலங்கும் கிடைத்தன. 1908 இல் தண்டிக்கப்பெற்ற வ. உ. சிதம்பரம் பிள்ளை கோவைச் சிறையில் செக்கிழுத்த வரலாற்றைத் தமிழர் எங்கு வாழினும் மறவார். அச்செக்கு சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கப்பல் நடத்தியவரைக் கொண்டு செக்காட்டிய அரசுக்கு எண்ணெய் முதன்மையன்று. அவர் உள்ளத்தை உடைப்பதே முதன்மை.

ஆனால், அதே அந்தமானில் மற்றொரு காட்சியும் இருந்தது. பல ஆண்டுகள் ஒழுங்காகக் கழித்த கைதிகள் சிறைக்கு வெளியே குடியமர்ந்து, நிலத்தை உழுதோ கைத்தொழில் செய்தோ தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ள அனுமதி பெற்றனர். தம்மைத் தாமே பேணிக்கொள்வோர் என்பது அவர்களுக்கு ஏடுகளில் வழங்கிய பெயர். மணஞ்செய்துகொண்டு குடும்பமாக வாழ்ந்தவரும் அவருள் உண்டு. இன்று போர்ட் பிளேரில் வாழும் பழங்குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர் இவர்களே. உழைப்பின் பயன் உழைத்தவனிடம் சென்றால் குற்றவாளியும் குடிமகனாவான் என்பதற்கு, அதை எண்ணிச் செய்யாத ஆட்சியே ஒரு சான்றை விட்டுச் சென்றது.

1919 இல் ஒரு புதிய சிறைக் குழு அமர்ந்தது. அதன் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ; சென்னை மாகாண நிர்வாகத்தில் நெடுநாள் பணியாற்றி, 1919 இல் சில நாட்கள் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். அச்சுறுத்துவது மட்டும் போதாது, கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று அக்குழுவின் அறிக்கை வற்புறுத்தியது. 1838 ஆம் ஆண்டு அறிக்கையோடு இதனை ஒப்பிட்டால் எண்பதாண்டுகளில் எண்ணம் எவ்வளவு மாறியது என்பது விளங்கும். எனினும், நடைமுறை எண்ணத்தின் பின்னே மெல்லவே நடந்தது. 1929 இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தபோது, இழிவான கடின வேலையைத் தம் மீது சுமத்தலாகாது என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வுண்ணாவிரதத்தின் 63 ஆம் நாள் ஜதீன் தாஸ் உயிர் துறந்தார்.

சிறையை உள்ளிருந்து கண்டவர்கள் 1947 க்குப் பின் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் டாக்டர் சம்பூர்ணானந்தர். 1952 இல் வாரணாசியை அடுத்த சந்திரப்பிரபா ஆற்றில் அணை கட்டும் பணிக்கு, மதிலும் விலங்கும் இல்லாத ஒரு முகாமில் கைதிகள் தங்க வைக்கப்பட்டனர். அவர்கள் உழைப்புக்குக் கூலி கணக்கிடப்பட்டது. அதிலிருந்து உணவுச் செலவு கழிக்கப்பட்டது. எஞ்சியது அவர்களுக்கு உரியதாயிற்று. நூறாண்டுக்கு முன் விலங்கோடு சாலை போட்ட கைதியின் வழித்தோன்றல் இப்போது விலங்கின்றிக் கூலியோடு அணை கட்டினான். இத்தகைய முகாம்கள் பிற இடங்களிலும் நடைபெற்றன. சம்பூர்ணானந்தர் ராஜஸ்தானத்தின் ஆளுநராக இருந்தபோது, 1963 இல் ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கானேரில் ஒரு திறந்தவெளிச் சிறை தோன்றியது. அங்குக் கைதிகள் குடும்பத்தோடு தங்கி, பகலில் வெளியே சென்று வேலை செய்து, தம் வருவாயில் தாமே வாழ்கின்றனர்.

இதே காலத்தில் உலக அரங்கிலும் இக்கருத்து உருப்பெற்றது. 1955 இல் ஐக்கிய நாடுகள் சபையின் மாநாடு வகுத்த குறைந்தபட்ச விதிகள், கைதியின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் தரும் முறை இருத்தல் வேண்டும் என்றன. அவ்வூதியத்தில் ஒரு பகுதியைக் கைதி தன் தேவைக்குச் செலவிடலாம். ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்பலாம். மற்றொரு பகுதியை அவன் விடுதலையாகும் நாளில் கையில் தருவதற்காக நிர்வாகம் சேமித்து வைக்க வேண்டும். 2015 இல் நெல்சன் மண்டேலாவின் பெயரோடு திருத்தி வெளியிடப்பட்ட விதிகளிலும் இதே ஏற்பாடு காணப்படுகிறது. இன்றைக்கு வேண்டுவது, வீட்டுக்கு வேண்டுவது, நாளைக்கு வேண்டுவது என்ற இம்முப்பகுப்பு வெளியூரில் பிழைக்க வந்த எவருக்கும் புதிதன்று. சம்பள நாளில் நாம் அனைவரும் போடும் கணக்கும் இதுவே.

இந்திய அரசியலமைப்பின் 23 ஆம் விதி மனிதரைக் கூலியின்றிக் கட்டாய வேலை வாங்குவதைத் தடை செய்கிறது. இவ்விதி சிறை மதிலைத் தாண்டி உள்ளே செல்லுமா என்ற வினாவை நீதிமன்றங்கள் நெடுநாள் எதிர்கொள்ளவில்லை. வழி திறந்த வழக்கோ சிறையைப் பற்றியதன்று. தில்லியில் 1982 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பெருங்கட்டடங்கள் எழுந்தன. வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் பலர் அங்குக் குறைந்தபட்சக் கூலியும் பெறாது உழைத்தனர். அவர்கள் பொருட்டுத் தொடரப்பட்ட வழக்கில் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகப் பெற்று உழைப்பவன் கட்டாய உழைப்பாளியே என்று அறுதியிட்டது. வறுமையும் ஒரு கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். வெளியூர்த் தொழிலாளிக்காகத் திறந்த அக்கதவின் வழியே கைதியின் வழக்கும் உள்ளே நுழைந்தது. 1983 இல் கேரள உயர்நீதிமன்றம் கைதிகளுக்கும் நியாயக் கூலி வேண்டும் என்று கூறியது. பிற உயர்நீதிமன்றங்கள் சிலவும் அவ்வழியில் சென்றன.

மாநில அரசுகள் உச்சநீதிமன்றத்தை அணுகின. குஜராத் அரசு தொடுத்த மேல்முறையீட்டில் 1998 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கே. டி. தாமஸ் வரைந்த அத்தீர்ப்பின் முடிவுகள் இவை. கடுங்காவல் விதிக்கப்பெற்றவனிடம் அவன் இசைந்தாலும் இசையாவிட்டாலும் வேலை வாங்குவது சட்டத்துக்கு உட்பட்டதே. ஏனைய கைதிகள் தாமே விரும்பிக் கேட்டால் அவர்களுக்கும் வேலை தரலாம். ஆனால், செய்த வேலைக்கு நியாயமான கூலி கொடுத்தே ஆகவேண்டும். கூலியின் அளவை வகுக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குழு அமைத்தல் வேண்டும். கைதியின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவைக் கருதிக் கூலியை வகுக்கலாம். கூலியில் ஒரு பகுதியைக் குற்றத்தால் துன்புற்றவருக்கு ஈடாக அளிக்கச் சட்டம் செய்தல் நன்று.

இத்தீர்ப்பை நம் முதல் வினாவோடு பொருத்திப் பார்ப்போம். உரிமை கோரிய நால்வரில் எவரையும் நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அரசுக்கு அதன் செலவு. தீங்குற்றவருக்கு ஒரு பங்கு. எஞ்சியது கைதிக்கும் அவன் வழியாகக் குடும்பத்துக்கும். தண்டனையால் ஒருவன் இழப்பது நடமாடும் உரிமையை. தன் கையின் உழைப்பை அன்று. 1894 இல் கடன்பட்டவனுக்கு மட்டும் இருந்த நியாயம் 1998 இல்தான் குற்றவாளிக்கும் வந்து சேர்ந்தது.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. அவர் கூற்றையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. 'நேர்மையாக வாழும் ஏழைக்கு வெளியே வேலை கிடைக்காதபோது குற்றவாளிக்குக் கூலியா?' என்பர் ஒரு சாரார். கூலி கொடுப்பதால் வெளியே இருக்கும் ஏழைக்கு வேலை குறைவதில்லை. கூலி கொடாமையால்தான் குறைகிறது. அலிப்பூர்ச் சிறையின் கோணியைக் கண்டு ஆலை முதலாளிகள் அஞ்சியது இங்கு நினைக்கத்தக்கது. வி. சாந்தாராம் 1957 இல் எடுத்த இந்திப் படத்திலும், அதனைத் தழுவி 1975 இல் தமிழில் வந்த 'பல்லாண்டு வாழ்க' படத்திலும், கைதிகள் விளைத்த காய்கறி மலிவாகச் சந்தைக்கு வந்ததும் வியாபாரி சீறி எழுவதைக் கண்டோம். கூலியில்லா உழைப்பு கூலியுள்ள உழைப்பைத் தாழ்த்தும். கைதிக்கு நியாயக் கூலி என்பது வெளியே இருக்கும் தொழிலாளிக்கும் ஒரு காப்பு.

'குற்றத்தால் கணவனை இழந்தவளுக்கு என்ன பதில்?' என்பர் மற்றொரு சாரார். இவ்வினா நெஞ்சைத் தொடுவது. கூலியே இல்லையாயின் அவளுக்குக் கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. கூலி உண்டாயின், அவன் கையால் ஈட்டிய பொருளில் ஒரு பங்கு அவள் பிள்ளைகளுக்குச் செல்ல வழியுண்டு. பங்கு எவ்வளவு என்பதில் வாதம் இருக்கலாம். ஒரேயடியாகப் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, கைதிக்குச் சில்லறையை மட்டும் விடுவது தீர்ப்பின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிடுவதாகும்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அரசியலமைப்பின்படி சிறை மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே, கூலியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தொழில் தேர்ந்தவர், அரைகுறையாகத் தேர்ந்தவர், தேராதவர் என மூவகைப்படுத்திக் கூலி விதிப்பது பொது வழக்கம். கூலி பெரும்பாலும் ரொக்கமாகக் கையில் தரப்படுவதில்லை. கைதியின் பேரில் கணக்கு வைத்து வரவு எழுதப்படுகிறது. ஒரே தொழிலை ஒரே நேர்த்தியோடு செய்யும் இரு கைதிகள், அடைபட்ட மாநிலம் வேறு என்பதாலேயே வெவ்வேறு கூலி பெறுகின்றனர்.

கூலியின் அளவோடு வேலையின் வகையும் ஆராயத்தக்கது. சமையல் உயர்ந்த சாதியாருக்கு, துப்புரவு தாழ்த்தப்பட்டோருக்கு எனச் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் அண்மைக் காலம்வரை இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் அவ்விதிகள் செல்லா எனத் தீர்ப்பளித்து, மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்தும்படி ஆணையிட்டது. அத்தீர்ப்பில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைக்கும் இடமாக நம் பாளையங்கோட்டைச் சிறையும் எடுத்துக்காட்டப்பட்டது என்பதைத் தமிழராகிய நாம் வருத்தத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கூலி, தண்டனை பெற்று வேலை செய்பவனுக்கே. ஆனால், நம் ஊர்ச் சிறைகளையும் கிளைச்சிறைகளையும் நிரப்பியிருப்போர் யார்? 2022 ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் இன்னும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர். அவர்களை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, அது சரியே. ஆனால், விரும்பிக் கேட்பவனுக்கும் தர வேலை இருக்கிறதா? தறியும் பட்டறையும் பெரும்பாலும் மத்திய சிறைகளில் இருக்கின்றன; கிளைச்சிறையில் நாற்சுவரே இருக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவன் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். மெய்ப்பிக்கப்படாதவன் ஜாமீன் தொகைக்கும் வழியின்றி உள்ளே காலங்கழிக்கிறான். 'கம்பி எண்ணுதல்' என்ற பழந்தொடர் உண்மையில் இவனுக்கே பொருந்துகிறது.

1894 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023 இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியுள்ளது. மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றும் இக்காலத்தில், ஈட்டம் என்ற சொல் எல்லாக் கைதிகளுக்கும் உரிய பிரிவில் இடம்பெறுகிறதா என்று குடிமக்கள் நோக்குதல் வேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று அருகிலேயே நிற்கிறது. மணியார்டர் வரும் நாளை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் தாயைப் பெற்றவர் நாம். மொழி தெரியாத ஊரில் சிறைப்பட்டவனுக்கு நேர்காணலுக்கு வரவும் உறவினர் இருப்பதில்லை. சிறையின் கணக்கில் அவன் பேரில் வரவு வைக்கப்படும் கூலியே ஊருக்கும் அவனுக்கும் இடையே எஞ்சியிருக்கும் உறவு. விடுதலை நாளில் சிறைக்கதவு திறக்கும்போது, அவன் கையில் ரயில் கட்டணமும் நாலு நாள் உணவுக்குப் பணமும் இருந்தால் அவன் தன் ஊர் சேர்வான். இல்லையேல், அவன் கால்கள் எங்கே செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கைதிக்குக் கூலி கொடுப்பது இரக்கத்தால் இடும் பிச்சை அன்று. அவன் செய்த வேலைக்கு நாடு பட்ட கடன் அது. கடனைத் தீர்க்காதவனைச் சிறையிலடைக்கும் சட்டத்தைச் செய்த நாடு, சிறைக்குள்ளே தான் பட்ட கடனைத் தீர்ப்பதில் பின்வாங்கலாகாது.